போதை அனுபவ இலக்கியம்: வாசகர் சறுக்கும் இடங்கள்

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடையில் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் டி குவின்ஸி தம் அபினிப் பழக்கத்தைப் பற்றி எழுதிய நூல் முப்பது ரூபாய்க்குக் கிடைத்தது. முன்பு வைத்திருந்தவர் பென்சிலும் கையுமாகப் படித்திருக்கிறார். 'அபினியின் இன்பங்கள்' பகுதியில் பக்கத்துக்கு நான்கு கோடு. 'அபினியின் வேதனைகள்' தொடங்கியதும் பென்சில் நின்றுவிடுகிறது.

பலரும் செய்யும் தவறு இது. 1821இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்த அந்தப் படைப்பின் உயிர், கோடு படாத பக்கங்களில்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு 8,000 சொட்டு லாடனம் (மதுசாரத்தில் கரைத்த அபினி) வரை போனதாக அவரே கணக்குச் சொல்கிறார். கனவில் முதலைகள் முத்தமிடுகின்றன. பிரம்மாவின் கோபத்துக்கு அஞ்சி ஆசியக் காடுகளில் ஓடுகிறார். விஷ்ணு வெறுக்கிறார், சிவன் பதுங்கிக் காத்திருக்கிறார். மயிலாப்பூரில் வளர்ந்த எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் அபினியின் கணக்கில் எழுதுவது அடுத்த தவறு. ஆசியா என்றாலே அவருக்குள் ஏற்கெனவே கிடந்த அச்சம்தான் அங்கே சாமி வேடம் போட்டு வருகிறது.

அவரைச் சட்டத்தை மீறிய கலகக்காரராகப் பார்ப்பதும் பொருந்தாது. 1804இல் வலி தாங்காமல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு மருந்துக் கடைக்குப் போய் லாடனத்தைச் சாதாரணமாக வாங்கியிருக்கிறார். பிரிட்டனில் அந்த விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்ததே 1868இல்தான்.

முன்னுரைகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். 'குப்ளா கான்' கவிதை தூக்கத்தில் முழுதாக வந்ததாகவும், எழுதும்போது போர்லாக் என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர் கெடுத்துவிட்டதாகவும் 1816 பதிப்பின் முன்னுரையில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொல்கிறார். அவருடைய கையெழுத்துப் பிரதியிலோ வயிற்றுக்கடுப்புக்கு அபினி உட்கொண்ட குறிப்பு இருக்கிறது. அந்த விருந்தாளியைக் காணோம்.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932 நாவலில் வரும் 'சோமா' கற்பனை மருந்து. 1954இல் அவர் எழுதியது, மெஸ்கலின் என்ற மாயத்தோற்றம் தரும் நிஜமான மருந்தைத் தாமே உட்கொண்ட அனுபவம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நம் ஊரிலும் இந்தச் சறுக்கல் உண்டு. "மாங்காய்ப்பால் உண்டு மலைமேல் இருப்போர்க்குத் தேங்காய்ப்பால் ஏதுக்கடி" என்கிறார் குதம்பைச் சித்தர். இது போதைப் பொருளுக்கான பரிபாஷை என்று ஒரு நண்பர் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் வாதிட்டார். யோகத்தில் உள்ளே சுரக்கும் அமுதம் என்று உரைகள் விளக்குவதை எடுத்துச் சொன்னேன். அவர் உரையைப் படித்ததில்லை, அடுத்த கண்ணிகளையும்தான்.