டயட்டீஷியனைப் பார்க்கப் போகுமுன் அரிசிச் சிப்பத்தைக் கணக்குப் பாருங்கள்

சேலத்தில் பலர் டயட்டீஷியனிடம் போவது மாத்திரை தொடங்கிய பிறகுதான். அப்போதும் பலன் உண்டு. ஆனால் சாப்பாட்டை மாற்றி நோயையே தள்ளிப்போட முடிவது அதற்கு முந்தைய கட்டத்தில்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி (இரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனை) 5.7 முதல் 6.4 வரை இருக்கும்போது. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோயாக முற்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது.

பரிசோதனை எதுவும் செய்யாதவர்கள் முதலில் இடுப்பை அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பை வையுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் இரத்தப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். இரத்தச்சோகை இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். ஹெச்பிஏ1சி எண் அப்போது ஏமாற்றக்கூடும்.

இனி வீட்டுப்பாடம். மூன்று நாள் சாப்பிட்டதை எழுத வேண்டும்: இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் பிரியாணியும் கறிக்குழம்பும் கணக்கிலேயே வராது. சாப்பிட்ட உடனே எழுதுங்கள்; இரவு உட்கார்ந்து யோசித்தால் டீயும் முறுக்கும் மறந்துபோகும். 'தோசை 2' என்று எழுதுவதால் பயனில்லை. வீட்டுத் தோசையா கடைத் தோசையா, எத்தனை கரண்டி மாவு, எத்தனை ஸ்பூன் எண்ணெய் என்று வேண்டும். குழம்புக் கரண்டியில் தண்ணீர் மொண்டு அளவுக் குவளையில் ஊற்றி, அது எத்தனை மில்லி என்று ஒருமுறை குறித்துவிட்டால் போதும். டயட்டீஷியனைப் பார்க்கப் போகிற வாரம் என்று பத்தியமாகச் சாப்பிடாதீர்கள். நல்ல பிள்ளையாக எழுதிய குறிப்பை வைத்து அவர் போடும் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது.

இந்தக் குறிப்பைவிட உண்மை பேசுவது மளிகைக் கணக்கு. நான்கு பேர் வீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 208 கிராம். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கலோரி உணவுக்குச் சொல்லும் தானிய அளவு 250 கிராம். பரவாயில்லையே என்று தோன்றும். இட்லி அரிசி, ரேஷன் அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது அதே அட்டவணை. நான்கு பேருக்கு மாதம் 10 கிலோவுக்கு மேல். வாங்குவது மூன்று கிலோ துவரம்பருப்பு மட்டும் என்றால் ஆளுக்கு 25 கிராம்தான். எங்கள் பார்வையில் அரிசி அதிகம் என்பதைவிடப் பருப்பு குறைவு என்பதே பெரிய கோளாறு. சோற்றை மட்டும் குறைத்து அந்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்குப் பசித்து கை மிக்சர் டப்பாவுக்குப் போகும். ஒரு கரண்டி சோற்றை எடுத்தால் ஒரு கரண்டி சுண்டலோ கெட்டிப் பருப்போ அங்கே வர வேண்டும்.

உப்பையும் இப்படியே பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள். நான்கு பேருக்கு ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாயும் அப்பளமும் அதற்கு மேல். பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பை சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நம் ஊர்ச் சாப்பாட்டில் சில இடறல்கள். ஜவ்வரிசி லேசான உணவு என்று உப்புமா கிண்டிச் சாப்பிடுகிறோம். அது மரவள்ளிக் கிழங்கின் மாவு. கிட்டத்தட்ட முழுக்க ஸ்டார்ச், புரதம் இல்லை என்றே சொல்லலாம். வேண்டுமென்றால் அளவைப் பாதியாக்கி, வேர்க்கடலையும் காயும் நிறையப் போடுங்கள். தட்டுவடை செட்டில் பீட்ரூட், கேரட் துருவல் இருக்கிறது என்று அதைக் காய்கறிக் கணக்கில் எழுதாதீர்கள். எத்தனை தட்டை என்று எழுதுங்கள். தறியிலும் கொலுசுப் பட்டறையிலும் உட்கார்ந்தபடி ஆறு டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 60 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. நாட்டுச்சர்க்கரைக்கு மாற்றினாலும் கணக்கு மாறாது.

சேர்வராயன் மலைச் சாமை நல்ல தானியம்தான், ஆனால் மந்திரம் இல்லை. தவிடு தெரியும் பழுப்பு நிறச் சாமையாக வாங்குங்கள்; வெள்ளையாகத் தீட்டியதில் நார்ச்சத்து போய்விடுகிறது. குழையக் கஞ்சியாக்கிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். உதிரியாக வடித்து, சோற்றின் அதே அளவில் சாப்பிட வேண்டும். சாமைதானே என்று இரட்டிப்பாகப் போட்டுக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மாம்பழம்? 100 கிராம் சதையில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து. சாப்பாட்டுக்குப் பின் முழு மல்கோவா வேண்டாம். மாலையில் தனியாக நான்கைந்து துண்டு, ஜூஸாக்காமல்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றை ஒரே நாளில் பாதியாக்கக் கூடாது. வியர்த்து, கை நடுங்கி, தாழ்சர்க்கரையில் போய் நிற்கும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிய பிறகே தட்டை மாற்றுங்கள். மருந்துச் சீட்டை டயட்டீஷியனிடம் காட்டச் சொல்வது இதற்குத்தான்.

அவர் சீட்டில் பத்து மாற்றம் எழுதினால், முதல் இரண்டு வாரத்துக்கு எந்த இரண்டு என்று கேட்டு வாங்குங்கள். யார் சமைக்கிறார்களோ அவரையும் கூட்டிப் போங்கள். கேட்டவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர் என்றால் சீட்டு பிரிட்ஜ் கதவோடு நின்றுவிடும். இரண்டு வாரத்தில் மறுபடி குறிப்போடு போக வேண்டும். ஹெச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் மறுபடி எடுப்பது வீண் செலவு, ஏனென்றால் இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். எடுக்கும்போது முதலில் எடுத்த அதே ஆய்வகத்தில் எடுங்கள்.