கோர் லாஸ் மாடல் செய்வது எப்படி: எடி கரண்டைக் கணக்கிடுங்கள், ஃபிட் செய்யாதீர்கள்

டிரான்ஸ்ஃபார்மர் கோர் லாஸை, அதாவது இரும்புக் கோரில் வெப்பமாக வீணாகும் சக்தியை, மாடல் செய்யப் போகிறீர்கள் என்றால் ஸ்டைன்மெட்ஸ் சூத்திரத்தோடு (இழப்பை அதிர்வெண், காந்தப்பாய அடர்த்தி இரண்டின் அடுக்குகளாக எழுதுவது) நின்றுவிடாதீர்கள். சைன் அலையில், அளந்த எல்லைக்குள், அது நன்றாகவே பொருந்தும். ஆனால் இழப்பு எங்கிருந்து வருகிறது என்று அது சொல்லாது, ஹார்மோனிக்ஸ் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் அலைகள்) கலந்ததும் கைவிட்டுவிடும். இயற்பியலாளர் பெர்ட்டோட்டியின் வழியில் மூன்றாகப் பிரியுங்கள்: ஹிஸ்டெரிசிஸ் (காந்தத் திசையை ஒவ்வொரு சுற்றிலும் புரட்ட ஆகும் இழப்பு), எடி கரண்ட் (தகட்டுக்குள் சுழலும் மின்னோட்டம்), அப்புறம் டொமைன்களின் (ஒரே திசையில் காந்தமான சிறு பகுதிகள்) சுவர்கள் நகரும்போது அவற்றை ஒட்டி உண்டாகும் கூடுதல் இழப்பு.

பலரும் இந்த மூன்றின் மாறிலிகளையும் மென்பொருளிடம் கொடுத்து ஒரே மூச்சில் ஃபிட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எடி கரண்ட் இழப்பு அதிர்வெண்ணின் 2-ஆம் அடுக்கிலும் கூடுதல் இழப்பு 1.5-ஆம் அடுக்கிலும் ஏறுவதால், குறுகிய அதிர்வெண் எல்லைக்குள் ஒன்றின் பங்கை இன்னொன்று தின்றுவிடும். சில சமயம் ஒரு மாறிலி மைனஸில்கூட வரும், ஆனாலும் கோடு புள்ளிகள் மேல் அழகாகப் படிந்திருக்கும். எடி கரண்டை நேராகவே கணக்கிட்டுவிடலாம். பை வர்க்கத்தை 6-ஆல் வகுத்து, மின்கடத்துத்திறன், தகட்டுத் தடிமனின் வர்க்கம், உச்ச காந்தப்பாய அடர்த்தியின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம் ஆகியவற்றால் பெருக்குங்கள். கன மீட்டருக்கு எத்தனை வாட் என்று வரும்.

எம்130-27எஸ் என்ற ஐரோப்பிய கிரேடை எடுத்துக்கொள்வோம். தடிமன் 0.27 மிமீ, 1.7 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் கிலோவுக்கு அதிகபட்சம் 1.30 வாட், இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன. மின்தடைத்திறன் 48 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு 7650 கிலோ என்று போட்டால் கன மீட்டருக்கு சுமார் 1805 வாட், அதாவது கிலோவுக்கு 0.24 வாட்தான் எடி கரண்ட். உச்சவரம்பை ஒட்டிய தகடு என்றால் மிச்சம் 1 வாட்டுக்கும் மேல்! அது முழுக்க ஹிஸ்டெரிசிஸும் கூடுதல் இழப்பும்தான். தகட்டை மெல்லியதாக்குவதோடு நிற்காமல் லேசரால் கோடு போட்டு டொமைன்களைக் குறுக்குவது எதற்கு என்று இந்த ஒரு கணக்கிலேயே புரியும்.

சரி, மிச்சத்தை எப்படிப் பிரிப்பது? எப்ஸ்டீன் ஃபிரேமில் (தகட்டுக் கீற்றுகளைச் சதுரமாக அடுக்கி இழப்பை அளக்கும் கருவி) பாய அடர்த்தியை மாற்றாமல் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை அளவெடுங்கள். செகண்டரி வோல்ட்டேஜ் சைனாகவே இருக்கவேண்டும், ஃபார்ம் ஃபேக்டர் (ஆர்எம்எஸ் மதிப்பைச் சராசரியால் வகுத்த எண்) 1.11-ஐ விட்டு நகர்ந்தால் அந்த அளவு உதவாது. ஒவ்வொரு அளவிலிருந்தும் எடி கரண்டைக் கழித்து, அதிர்வெண்ணால் வகுத்து, அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும்: அச்சை வெட்டுமிடம் ஹிஸ்டெரிசிஸ், சரிவு கூடுதல் இழப்பு. கிரெய்ன் ஓரியண்டட் ஸ்டீலில் (படிகங்கள் உருட்டிய திசையை ஒட்டி அமைந்தது) அதிர்வெண் குறையக் குறைய இந்தக் கோடு வளையும், ஏனென்றால் நகரும் சுவர்களின் எண்ணிக்கையே மாறுகிறது. அந்த வளைவை இழுத்துப் பிடித்து நேராக்க வேண்டாம், உங்களுக்கு வேண்டிய அதிர்வெண்களில் கோடு பொருந்தினால் போதும். இதை ஒவ்வொரு 0.1 டெஸ்லாவுக்கும் திரும்பச் செய்து ஹிஸ்டெரிசிஸை அட்டவணையாக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டைன்மெட்ஸின் 1.6 என்ற பழைய அடுக்கு 1.5 டெஸ்லாவுக்கு மேல் எடுபடாது.

ஹார்மோனிக்ஸ் இருந்தால் பாய அடர்த்தி மாறும் வேகத்தை நேரத்தோடு எடுத்து, அதன் வர்க்கத்தின் சராசரியை எடி கரண்டுக்கும், 1.5-ஆம் அடுக்கின் சராசரியைக் கூடுதல் இழப்புக்கும் போடுங்கள். சைனில் பெற்ற கூடுதல் இழப்பு மாறிலியை முதலில் 8.76-ஆல் வகுக்கவேண்டும், இதை மறந்துவிட்டுப் பிழை தேடுகிறவர்கள் நிறைய.

கடைசியில் நோ-லோடு டெஸ்டோடு (முழு டிரான்ஸ்ஃபார்மரைச் சுமையில்லாமல் ஓட்டி இழப்பை அளப்பது) ஒப்பிடுங்கள். கோரின் அளவு மாடலைவிடக் கூடத்தான் இருக்கும்: மூலை இணைப்புகளில் பாயம் உருட்டிய திசையை விட்டுத் திரும்புகிறது, நடுக்கால் சேரும் டி-ஜாயிண்டில் சுழல்கிறது, வெட்டிய விளிம்புகளில் அழுத்தம் தங்கியிருக்கிறது. இதற்கான பில்டிங் ஃபேக்டரை (கோரின் அளவுக்கும் தகட்டு இழப்புக்கும் உள்ள விகிதம்) தனி எண்ணாகவே வையுங்கள், தகட்டின் மாறிலிகளுக்குள் கரைத்துவிட்டால் அடுத்த டிசைனுக்கு அவை எதற்கும் ஆகாது.