அத்தையின் கால் அரிப்பும் எங்கள் வீட்டு எண்ணெய்ச் சண்டையும்

மார்கழி வந்தால் அத்தைக்கு முழங்காலுக்குக் கீழே அரிக்கத் தொடங்கிவிடும். 83 வயது. ராத்திரியெல்லாம் சொறிந்து, காலையில் போர்வையில் ரத்தத் திட்டு இருக்கும். ஆவி பறக்கும் வெந்நீர், பீர்க்கங்காய் நார், உடம்பு முழுக்கச் சோப்பு என்று அவர் குளித்த குளியல்தான் அதைக் கிளப்பிவிட்டது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. வயதான தோலில் எண்ணெய்ப் பசை சுரப்பதே குறைவு. இருப்பதையும் வழித்துவிட்டால் அரிக்காமல் என்ன செய்யும்?

இப்போது தண்ணீர் வெதுவெதுப்புதான், முழங்கையை விட்டுப் பார்ப்பேன். பத்து நிமிடத்துக்குள் குளியல் முடியும். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிவிடுவேன். ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான் இதன் வேலை. "குளிச்சிட்டு எண்ணெய் தேய்க்கது எந்த ஊரு வழக்கம்ளா?" என்று அத்தை ஒரு வாரம் சண்டை போட்டார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடவில்லை. ஆனால் சீயக்காய் தலையோடு சரி.

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அதனால் கால் விரலிடுக்கில் எதுவும் தடவுவதில்லை, துடைத்துக் காயவிடுவேன். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். உள்ளங்காலுக்குப் படுக்கப்போகும்போதுதான், எண்ணெய்க் காலோடு நடந்தால் வழுக்கிவிடும்.

ஒருமுறை ரத்தம் எடுத்த இடத்துப் பிளாஸ்திரியை ஒருவர் வெடுக்கென்று பிய்த்தார். அவித்த சேப்பங்கிழங்குத் தோல் மாதிரி தோலும் சேர்ந்து உரிந்துவிட்டது. அப்படி ஆனால் தொங்கும் தோலை வெட்டக் கூடாது. சுத்தமான தண்ணீரால் கழுவி, ஈரத் துணியால் மெல்ல நகர்த்திப் பழைய இடத்திலேயே படியவிட்டு, ஒட்டாத டிரஸ்ஸிங் வைத்துச் சுற்றுத்துணியால் கட்டிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். மேலே இன்னொரு பிளாஸ்திரி வேண்டவே வேண்டாம். இப்போதெல்லாம் பிளாஸ்திரி ஓரத்தில் எண்ணெய் தொட்டு, ஊறவிட்டு, மெதுவாகச் சுருட்டி எடுப்பேன். அத்தையைத் தூக்கும்போது கையைப் பிடித்து இழுப்பதில்லை. தோலைக் கீறிவிடும் என்று என் வளையல்களையும் கழற்றியாயிற்று.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்காவிட்டால் எண்ணெயை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறிலும் உடம்பு அரிக்கும். ராத்திரியில் வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம்; அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும், அரிக்காதவர்களும்கூட.