கறுத்த மேகத்தைக் கண்டு மகிழாதீர்கள்: கொலராடோ மலைகளில் கோடையில் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை, கொலராடோவுக்குப் புதிதாகக் குடிவந்த ஆறு பேரை மலையேற அழைத்துப் போயிருந்தேன். பதினொரு மணிக்கெல்லாம் மேற்கே மேகம் திரள ஆரம்பித்துவிட்டது. இரண்டு முகடு தள்ளி ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது. கூட வந்த தம்பி ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார்: "அண்ணா, மேகம் நல்லா கூடுது. மழை வந்தா அந்தப் புகை அடங்கிடும்ல?"

எட்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் போதாமல் எடுத்துப்போவது, நல்ல ஷூ இல்லாமல் வருவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் தானே புரிந்துவிடும்.

தாமதமாகக் கிளம்புவது

விடிவதற்கு முன் கிளம்புங்கள். நண்பகலுக்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு, அதாவது சுமார் 11,500 அடிக்குக் கீழே இறங்கிவிடுங்கள்.

கறுத்த மேகம் என்றால் மழை என்று நம்புவது

இந்த ஒன்றை மட்டும் யார் செய்தாலும் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. காரணம், இது நம் வளர்ப்பிலேயே ஊறிப்போனது. வானம் இருட்டினால் நமக்கு மனசு குளிரும். துணியை எடுக்க மாடிக்கு ஓடுவோம், மண்வாசனைக்குக் காத்திருப்போம். நம் ஊரில் அது சரி. காற்றில் ஈரம் இருக்கிறது, மேகம் தாழ்ந்து நிற்கிறது, விழும் துளி தரைக்கு வந்து சேர்கிறது.

இங்கே ஜூன் மாதத்தில் நிலைமையே வேறு. மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து பல ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும். அதற்கும் தரைக்கும் நடுவே இருப்பது வறண்ட காற்று. மழை பெய்யத்தான் செய்யும், ஆனால் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். மேகத்துக்குக் கீழே சாம்பல் நிறத் திரை தொங்குவதையும், அது தரையைத் தொடாமலே கரைந்துபோவதையும் வெறும் கண்ணால் பார்க்கலாம். இதை 'விர்கா' என்பார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும், நம்மவர்கள் நின்று எடுக்கவும் செய்கிறார்கள். அந்த நேரத்தில்தான் நடையைக் கட்ட வேண்டும்.

ஏன் என்றால், மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானைத் தண்ணீர் குளிர்கிறதே, அதேதான் வானத்திலும் நடக்கிறது. துளிகள் ஆவியாகச் சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, அப்படியே கீழே விழும். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் நாலாபக்கமும் ஓடுவது மாதிரி, விழுந்த காற்று தரையில் மோதி எல்லாத் திசையிலும் பாயும். மணிக்கு 60 மைலைக்கூட அது தொடும். மேகம் உங்கள் தலைக்கு மேல் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பல மைல் தள்ளி எங்கோ இடிக்கும் மேகத்தின் காற்று, பள்ளத்தாக்கு வழியாக உங்களிடம் வந்து சேரும்.

அப்போது எங்காவது தீ எரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? காலையிலிருந்து தீ ஒரு திசையில் போகிறது. அதன் பக்கவாட்டு ஓரம் நீளமாக, நிதானமாக எரிகிறது. நாம் அந்தப் பக்கம் இருக்கிறோம், அதனால் பயமில்லை என்று நினைக்கிறோம். காற்று திரும்பிய நிமிடத்தில் அந்த நீண்ட ஓரம் முழுவதும் தீயின் முன்முகமாகிவிடும்.

2012 ஜூன் 26 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்தது இதுதான். வால்டோ கேன்யன் தீ மூன்று நாளாக மலையில் எரிந்துகொண்டிருந்தது. அன்று பிற்பகல் இடிமேகத்திலிருந்து இறங்கிய காற்று அதைச் சரிவில் நகருக்குள் தள்ளியது. 346 வீடுகள் போயின, இரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று, அரிசோனாவின் யார்னெல் மலையில் இடிமேகக் காற்று தீயைத் திருப்பிவிட்டதில் 19 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், அதே வேலையாக இருந்தவர்கள். வார இறுதியில் மலைக்குப் போகும் நமக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கதைக்கு வருகிறேன். அன்று நாங்கள் நான்கு பேர், ஓர் ஓடையோரம் கூடாரம் போட்டிருந்தோம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. மேற்கே மேகம் கறுத்தது. கிளம்பலாமா என்று மனைவி கேட்டபோது, "அரை மணி நேரத்தில் மழை வந்துவிடும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்றேன். திடீரென்று காற்றே இல்லாமல் போனது. ஓரிரு நிமிடம்தான். அப்புறம் முகத்தில் சில்லென்று ஒரு காற்று அடித்தது, நிமிர்ந்து நின்ற புகை எங்கள் பக்கம் படுத்துவிட்டது. கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். கார் வரை இரண்டு மைல். ஆஸ்துமா உள்ள நண்பர் அந்தப் புகையில் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியவில்லை, அன்றிரவு அவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. மழை? காரின் கண்ணாடியில் பத்துப் பன்னிரண்டு துளி விழுந்தது, அவ்வளவுதான்.

ஆகவே விர்கா, திடீர் அமைதி, திடீர்க் குளிர்காற்று, தூரத்தில் எழும் புழுதி, சாயும் திசையை மாற்றும் புகை, இவற்றில் எதைப் பார்த்தாலும் கிளம்பிவிடுங்கள். பக்கத்தில் புகை ஏற்கெனவே தெரிந்தால் இவற்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

மழை சதவீதத்தை மட்டும் பார்ப்பது

போனில் '20 சதவீதம் மழை' என்று பார்த்துவிட்டு நல்ல நாள் என்று முடிவுசெய்கிறார்கள். இந்த மலைகளில் அந்த எண் குறைவாக இருந்து, கூடவே இடி என்றும் போட்டிருந்தால், அது வறண்ட இடியாக இருக்கலாம். மின்னல் விழும், அது மூட்டும் தீயை அணைக்க மழை இருக்காது. தேசிய வானிலை சேவையின் பக்கத்துக்குப் போய் ஈரப்பதத்தையும் காற்றின் வேகத்தையும் பாருங்கள். ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே, காற்று மணிக்கு 25 மைலுக்கு மேலே என்றால் இங்கே பொதுவாக 'ரெட் ஃப்ளாக் வார்னிங்', அதாவது தீ பிடித்தால் வேகமாகப் பரவும் என்ற எச்சரிக்கை, வந்துவிடும். 'ஃபயர் வெதர் வாட்ச்' என்றிருந்தால், அந்த நிலை உருவாகலாம் என்று பொருள். ரெட் ஃப்ளாக் நாளில் நான் யாரையும் மலைக்கு அழைத்துப் போவதில்லை. லீவு போட்டுவிட்டோம், ஊரிலிருந்து தங்கை வந்திருக்கிறாள் என்று கெஞ்சினாலும் இல்லை.

தடை இருக்கும்போது கேம்ப்ஃபயர்

கூடாது.

மேட்டில் ஏறித் தப்பிக்கப் பார்ப்பது

தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏனென்றால் சுவாலை மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல் சரிவில் மாட்டிக்கொண்டவர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். தீ கீழே இருந்தால் பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைவெளியையோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்தையோ தேடுங்கள்.

மின்னல் போய்விட்டது, இனி பயமில்லை என்பது

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திறந்த வெளிக்கு வராதீர்கள். இது பலருக்கும் தெரியும். தெரியாதது, மின்னல் விழுந்த மரம் உள்ளுக்குள்ளேயே பல நாள் கனன்றுகொண்டிருக்கலாம் என்பது. வெயில் ஏறி, ஈரம் குறைந்து, காற்றடிக்கும் ஒரு மத்தியானத்தில் அது வெளியே வரும். புதன்கிழமை இடி இடித்த காட்டுக்குச் சனிக்கிழமை போகிறவர்கள், அன்று வானம் தெளிவாக இருந்தாலும் இறங்கிவர இரண்டாவது வழி ஒன்றை வரைபடத்தில் பார்த்துவைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சனிக்கிழமை அந்தத் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொண்டேதான் எல்லோரையும் கீழே இறக்கினேன். நாங்கள் காரை எட்டியபோது மணி பன்னிரண்டே முக்கால். வாகன நிறுத்தத்தில் புழுதி எழும்ப ஆரம்பித்திருந்தது.