மூன்று மாத உதவித்தொகை எங்கே போனது?

கேட் (முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால், ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். அதை நம்பித்தான் சேர்ந்தேன். மூன்று மாதம் ஒரு பைசா வரவில்லை. மெஸ் பில் மட்டும் ஏறியது. அலுவலகத்தில் கேட்டால் "அனுப்பியாச்சு தம்பி" என்றார்கள்.

வங்கியில் ஆதார் கொடுத்திருந்தேனே! கோளாறே அங்கேதான். கேஒய்சிக்கு, அதாவது அடையாளச் சரிபார்ப்புக்கு ஆதார் கொடுப்பது வேறு, என்.பி.சி.ஐ. (தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம்) பதிவில் ஆதாரோடு கணக்கை இணைப்பது வேறு. ஆதார் வழியாக அனுப்பும் அரசுப் பணம் அந்தப் பதிவில் கடைசியாக ஏறிய கணக்குக்கே போகும். எனக்கு அது பள்ளிக்காலத்தில் ஊரில் தொடங்கிய கணக்கு. அம்மா பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்த்தால், 37,200 ரூபாய் சும்மா படுத்துக் கிடக்கிறது!

புதிய வங்கியில் ஆதார் இணைப்பு ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்தேன். 'மை ஆதார்' தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' (ஆதாரோடு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்ற விவரம்) பார்த்து, வங்கியின் பெயர் மாறியதை உறுதி செய்துகொண்டேன். நான்காம் மாதப் பணம் நேராக வந்தது.