தேசி மரத்துப் பிசின்

கல்லடியில் எங்கள் ஒழுங்கையார் சேர்ந்து வைத்திருக்கும் தோட்டத்தில் 4 தேசி மரம். போன மாரி முடிந்த கையோடு அதில் ஒன்று மஞ்சளடித்தது. உரம் காணாது என்று ஆளுக்கொரு பக்கம் யூரியா போட்டோம். பொதுத் தோட்டத்தில் இதுதான் கரைச்சல், எல்லோரும் வைத்தியர்.

ஒருநாள் குனிந்து அடிமரத்தைப் பார்த்தேன். கச்சான் காற்றுக்கு ஈரம் நிற்கட்டும் என்று நான்தான் வைக்கோலும் சாணமும் தண்டோடு அணைத்துக் குவித்திருந்தேன், மாரியிலும் எடுக்கவில்லை. விலக்கினால், பட்டை கறுத்து, தேன் நிறத்தில் பிசின் வழிந்து காய்ந்திருக்கிறது. புளித்த மணம் வேறு. பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நோய்க்கிருமியின் வேலை; தண்டடியில் ஈரம் தேங்கினால் அதற்குக் கொண்டாட்டம்.

குவியலை ஒரு முழம் தள்ளி வைத்து, வேர் பிரியும் இடம் தெரிய மண்ணை விலக்கினேன். அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை கத்தியால் சுரண்டினேன். பிறகு அந்தக் கிருமிக்கு மருந்தாகப் போர்டோ பசை: 100 கிராம் மயில்துத்தம் (செப்பு சல்பேற்), 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, 1 லீற்றர் தண்ணீர். பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்துத்தான் சேர்க்கவேண்டும். தகர வாளி கூடாது. மினுக்கிய இரும்பு ஆணியைத் தோய்த்துப் பார்த்தேன், செம்பு படிந்தது; சுண்ணாம்பு காணாது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. மறுபடி தோய்த்தபோது ஆணி அப்படியே வந்தது. அடிமரத்தில் 2 அடி உயரத்துக்குப் பூசினேன்.

தண்ணீரும் இப்போது தண்டில் ஊற்றுவதில்லை. கிளை நுனிக்கு நேர் கீழே வட்டப் பாத்தி. வெள்ளம் வடியச் சிறு வாய்க்காலும் வெட்டினோம்.

ஆவணியில் புதுக் கொழுந்து வந்தது. யூரியா போட்ட மாமா, தன்ர உரம்தான் வேலை செய்தது என்கிறார்.