எஸ்விஎன்ல கிடக்கிற புரொஜெக்ட்ட ஹிஸ்ட்ரி ஒண்டும் விடாம கிட்டுக்கு மாத்துறது எப்பிடி?

எஸ்விஎன்னும் (சப்வேர்ஷன்) கிட்டும் கோட்டில ஆர், எப்ப, என்ன மாத்தினது எண்ட ஹிஸ்ட்ரியை வச்சிருக்கிற மென்பொருள்கள், அப்பிடி ஒரு மாத்தத்தைப் பதியிறதுதான் கொமிட். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு கொழும்பு சேர்வர்ல எஸ்விஎன் பாவிக்கிற ஆக்களுக்குத் தெரியும், லைன் போனா கொமிட் பண்ண ஏலாது, பழைய லொக் பாக்கவும் ஏலாது. கிட்ல முழு ஹிஸ்ட்ரியும் உங்கட லப்டொப்லயே கிடக்கும், 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின மாதிரி ஒரு நாள் வந்தாலும் பற்றரி இருக்கும் வரைக்கும் கொமிட் பண்ணலாம், பிராஞ்ச் (தனிக் கிளை) போடலாம், லைன் வந்தாப்பிறகு புஷ் பண்ணி சேர்வருக்கு அனுப்பினாச் சரி.

கன பேர் கடைசிக் கோட்டை மட்டும் கொப்பி பண்ணி புது ரிப்போ (கோட்டும் ஹிஸ்ட்ரியும் கிடக்கிற இடம்) துவங்கினாக் காணும் எண்டுவினம். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. பில்லிங் சொஃப்ட்வெயார்ல வரிக் கணக்கு ஏன் இப்பிடி எழுதிக் கிடக்கு எண்டு நாளைக்கு ஆரும் கேட்டா பதில் அந்தப் பழைய கொமிட் மெசேஜ்லதான் இருக்கும்.

முதல் வேலை பெயர்கள். எஸ்விஎன்ல யூசர்நேம் மட்டும்தான் இருக்கும், கிட்டுக்கு முழுப்பெயரும் ஈமெயிலும் வேணும். எஸ்விஎன் லொக்கை எடுத்து அதில வாற யூசர்நேம் எல்லாத்தையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வரிக்கு ஒண்டா எழுதி, சமன் அடையாளம் போட்டு, பெயரையும் கோண அடைப்புக்குள்ள ஈமெயிலையும் போடுங்கோ. ஒரு ஆள் விடுபட்டாலும் இம்போர்ட் அதிலயே நிண்டிடும். வேலைய விட்டுட்டு கனடா, லண்டன் எண்டு போன ஆக்களையும் வாட்சப்ல பிடிச்சு எந்த ஈமெயில் போட எண்டு கேளுங்கோ, அவை செய்த வேலை அவையின்ர பெயரிலதான் இருக்கவேணும். இதுக்கு நேரம் போனாலும் பரவாயில்லை.

அடுத்தது, கொழும்பு சேர்வர்ல இருந்து நேர குளோன் (ஹிஸ்ட்ரியோட முழுக் கொப்பி) பண்ணாதேங்கோ. கிட் எஸ்விஎன் எண்ட மாத்துற கருவி ஒவ்வொரு ரிவிஷனா (நம்பர் போட்ட கொமிட்) இழுக்கும், சரியான மெதுவு. சேர்வர் பாக்கிற ஆளிட்ட எஸ்விஎன் அட்மின் ஹொட்கொப்பி (முழு ரிப்போவின்ர கொப்பி) எடுத்துத் தரச் சொல்லி உங்கட மெஷின்ல வச்சு, அதில இருந்து ஸ்டாண்டர்ட் லேஅவுட் ஒப்ஷனோடயும் (ட்ரங்க், பிராஞ்ச், டாக் எண்டு ஃபோல்டர் பிரிச்சிருந்தா) அந்தப் பெயர் ஃபைலோடயும் குளோன் பண்ணுங்கோ. இடையில நிண்டா ஃபெட்ச் குடுக்க விட்ட இடத்தில இருந்து போகும். எஸ்விஎன் ரிவிஷன் நம்பரை மெசேஜ்ல சேர்க்காம விடுற நோ மெட்டாடேட்டா ஒப்ஷன் போடச் சொல்லி கன இடத்தில இருக்கும், நான் போடமாட்டன், பழைய பக் ரிப்போர்ட்ல ரிவிஷன் நம்பர்தான் எழுதிக் கிடக்கும், அது கொமிட் மெசேஜ்ல இருந்தாத்தான் தேடிப் பிடிக்கலாம்.

குளோன் முடிய டாக் (ஒரு பதிப்புக்கு வச்ச பெயர்) எல்லாம் ரிமோட் பிராஞ்ச் மாதிரி வந்து நிக்கும், அதுகளை உண்மையான டாக்கா மாத்தவேணும். வெறும் ஃபோல்டரை கிட் வச்சிருக்காது, தேவையெண்டா உள்ள ஒரு சின்ன ஃபைல் போடுங்கோ. இக்னோர் லிஸ்டும் (கணக்கில எடுக்காம விடுற ஃபைல்கள்) தானா வராது, ஷோ இக்னோர் குடுத்து எடுங்கோ. கிட்ஹப்புக்குப் போடுறதெண்டா 100 எம்பிக்கு மேல ஒரு ஃபைல் ஹிஸ்ட்ரில எங்கயும் இருந்தாலும் புஷ் ஆகாது, இப்ப அழிச்சதெண்டாலும் அப்பிடித்தான், ஃபில்டர் ரிப்போ எண்ட கருவியால புஷ் பண்ண முதலே வெட்டிப்போடுங்கோ, ஏனெண்டா வெட்டினாப்பிறகு கொமிட் ஹாஷ் (கொமிட்டின்ர அடையாள எண்) எல்லாம் மாறும்.

இதெல்லாம் ஒத்திகை. பிறகு ஒரு வெள்ளி பின்னேரம் எல்லாரும் கையில இருக்கிறதை கொமிட் பண்ணினாப்பிறகு ப்ரீ கொமிட் ஹூக்கால (ஒவ்வொரு கொமிட்டுக்கும் முதல் சேர்வர்ல ஓடுற ஸ்கிரிப்ட்) எஸ்விஎன்ன பூட்டி, புது ஹொட்கொப்பி எடுத்து, அதே வேலைய திருப்பிச் செய்யுங்கோ. ட்ரங்கை (எஸ்விஎன்ல முதன்மைக் கோட் கிடக்கிற ஃபோல்டர்) எக்ஸ்போர்ட் பண்ணி கிட் ஃபோல்டரோட டிஃப் பாத்துட்டு புஷ் பண்ணுங்கோ. பழைய சேர்வரை வாசிக்க மட்டும் விட்டு வையுங்கோ.

திங்கள் எல்லாரும் புதுசா குளோன் எடுக்கட்டும். முதல் கிழமை டீமுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லவேண்டியது, கொமிட் பண்ணினா அது உங்கட மெஷின்ல மட்டும்தான், புஷ் பண்ணினாத்தான் மற்றாக்களுக்கு வரும்.